ஸ்மார்ட் கிளாஸ் அறையில் நான் கூட்டிய மண்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு நான் சேர்ந்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலையில் வகுப்பறைகளைக் கூட்ட வேண்டும். அது முடிந்தால் சமையல்கட்டில் ஒத்தாசை. வெங்காயம் அரிவது, முட்டை உரிப்பது, பிள்ளைகள் சாப்பிட்ட பிறகு அண்டா கழுவுவது. பிள்ளைகள் என்னை ஆயா என்று கூப்பிடுவார்கள். நான் ஐந்தாவது வரை படித்திருக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதவும் தெரியும். பேசுவதுதான் வராது. டீச்சர்கள் ஏதாவது சொன்னால் "சரிங்க" என்பேன். கேள்வி கேட்டால் "இல்லீங்க" என்பேன். இந்த இரண்டையும் வைத்தே இத்தனை வருசம் ஓட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிற அன்று எனக்குச் சமையல்கட்டில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

முன்பு தையல் மிசின் இருந்த அறையை ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கினார்கள். சுவரில் பெரிய டி.வி. மாட்டினார்கள். பீரோவில் மூன்று டேப் வந்தது, சிலேட்டு அளவுக்குப் பெரிய போன் மாதிரி. அந்த அறையைக் கூட்டும்போது டி.வி. மேல் தூசு படாமல் கூட்ட வேண்டும் என்று பெரிய சார் சொன்னார். "சரிங்க" என்றேன். அதனால் தண்ணீர் தெளித்துக் கூட்டுவேன்.

சேலத்திலிருந்து பஸ்ஸில் வருகிற அறிவியல் டீச்சர் ஒருவர் இருக்கிறார். சின்ன வயசு. அவர்தான் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த டேப்பை வைத்துப் படம் பண்ணச் சொன்னார். முதல் நாள் ஜன்னல் பக்கமாகப் போனபோது நாலு பிள்ளைகள் தரையில் முழங்கால் போட்டுக் குனிந்திருந்தார்கள். சத்தமே இல்லை. ஏதோ தப்புச் செய்து தண்டனை வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிள்ளைகளிடம் மட்டும் எனக்குக் கொஞ்சம் வாய் வரும்.

"என்ன அம்மிணி, டீச்சர் முட்டி போட வெச்சுட்டாங்களா?"

"இல்லீங்க ஆயா, படம் எடுக்கறமுங்க."

"படத்துல நடிக்கறது யாரு?"

"மண்ணுதானுங்க" என்றாள் நடுவில் இருந்த பெண். மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள்.

அந்தப் பெண்ணின் அப்பா ரிக் வண்டியில் வேலை. திருச்செங்கோட்டு வண்டி. வடக்கே எங்கெங்கோ போய் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடுகிறவர்கள். போனால் எட்டு ஒன்பது மாசம் வர மாட்டார். வரும்போது மகளுக்குப் பொம்மை வாங்கி வருவதில்லை, மண் கொண்டு வருவார். போர் போடும்போது குழிக்குள்ளிருந்து வெளியே வருகிற பாறைத் தூளை, ஒவ்வொரு ஊரிலும் ஒரு கை அள்ளி, பாலிதீன் கவரில் கட்டிக் கொண்டு வருவார். ஓர் ஊரில் செங்கல் நிறம். ஓர் ஊரில் சாம்பல். ஒன்று கோலப்பொடி மாதிரி வெள்ளை. அவள்தான் கேட்டு வாங்குவாளாம். அத்தனை கவரையும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்து, ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் பட்டை பட்டையாகப் பரப்பியிருந்தாள். பூமியைக் கத்தியால் வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. மேலே அட்டையில் செய்த ரிக் லாரி. லாரியிலிருந்து கீழே இறங்குகிற பைப்புக்குச் சொட்டுநீர் டியூப்பை வெட்டி வைத்திருந்தாள்.

பலகை பிளந்துபோன பழைய ஸ்டூல் ஒன்றைச் சாக்குக்கு மேலே நிறுத்தி, பிளவுக்கு நேராக டேப்பைப் படுக்க வைத்திருந்தார்கள். டேப்பின் கண் அந்தப் பிளவு வழியாகக் கீழே பார்க்கும். ஒரு படம் எடுப்பார்கள். பைப்பை நகத்தளவு நகர்த்துவார்கள். மறுபடி ஒரு படம். பத்துப் படம் சேர்ந்தால்தான் ஒரு நொடியாம். ஒரு பீரியடுக்கு நான்கு நொடிதான் நகர்ந்தது.

"இதுக்கு நான் வெங்காயமே அரிஞ்சுக்கறேன் அம்மிணி" என்றேன்.

இன்னொரு குழுவும் இருந்தது. அவர்கள் காகிதத்தில் கோழி வெட்டி, முட்டை எப்படிக் குஞ்சாகிறது என்று எடுத்தார்கள். அந்தக் குழுவில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்திதான் தலைவி. மூன்று டேப்பில் ஒன்று பழுது, இன்னொன்று ஆறாம் வகுப்புக்கு. மிச்சம் இருந்த ஒன்றுக்கு இரண்டு குழுவும் அடித்துக்கொண்டன. மண்ணுக்காரி, கோழிக்காரி என்று ஒருவருக்கொருவர் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் ரிக்காரர் மகள் தட்டுக் கழுவ வந்தபோது என் பக்கத்தில் நின்று சொன்னாள்.

"எங்கப்பா ஊட்டுக்கு வந்திருக்காருங்க ஆயா. வண்டி பட்டறையில நிக்குது. வர்ற புதன்கிழமை சாயந்திரம் கெளம்புதுங்க."

"அப்படியா சாமி."

"நான் பண்ணுன ஒண்ணையும் அவர் பார்த்ததில்லீங்க. ஆண்டு விழாவுல ஆடுனேன், அதையும் பார்க்கல. போன்ல அனுப்புனா அங்க டவர் இருக்காது. இதைய மட்டும் பெரிய டி.வி.ல பார்த்துட்டுத்தான் போகோணும். டீச்சர் புதன்கிழமை மத்தியானம் போடறேன்னு சொல்லீட்டாங்க. பெத்தவங்க கூட்டம் அன்னிக்குத்தானுங்களே."

வெள்ளிக்கிழமை பைப் மூன்றாவது பட்டை வரை இறங்கியிருந்தது. மணி அடித்துவிட்டது. மண்ணையும் ஸ்டூலையும் அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டு, டேப்பை மட்டும் டீச்சர் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஸ்டூல் கால்களைச் சுற்றி அந்தப் பெண் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தாள். கரும்பலகையில் "மண்ணைத் தொட வேண்டாம்" என்று பெரிதாக எழுதியும் வைத்தாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

திங்கள்கிழமை காலையில் நான் அந்த அறைக்குப் போனேன். எந்த அறையாக இருந்தாலும் நான் முதலில் பலகையைத்தான் துடைப்பேன். ஈரத் துணியால் மேலிருந்து கீழாக. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் பிரேயர் மணி அடித்துவிடும். பாதிப் பாடத்தைத் துடைக்கவும் மனசு வராது. அதனால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன். அன்றும் படிக்கவில்லை. துடைத்தேன்.

பிறகு திரும்பிப் பார்த்தால் மூலையில் மண். பக்கத்து அறையில் அந்த வாரம் கொத்தனார் சுவர் பூசிக்கொண்டிருந்தார். வேலை முடிந்தால் அள்ளிப்போகாமல் ஆங்காங்கே விட்டுப்போகிற ஆள். சாக்கும், பாறைத் தூளும், துண்டுப் பைப்பும், உடைந்த ஸ்டூலும் இருந்தால் வேறு யாரை நினைப்பேன்? "இந்த மனுசனுக்கு எத்தனை தடவ சொல்றது" என்று திட்டிக்கொண்டே தண்ணீர் தெளித்தேன். சாக்கை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கினேன். ஸ்டூலை ஸ்டோர் ரூமில் போட்டேன். தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டையும் துடைத்தேன். அட்டை லாரி மட்டும் அழகாக இருந்தது. யாரோ பிள்ளை செய்தது என்று அதை ஜன்னலில் எடுத்து வைத்தேன். லாரியைப் பார்த்தபோதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அத்தனை நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது ஸ்டூலும் நாலு தலையும்தான் கண்ணில் பட்டன. மண்ணை நான் எட்டிப் பார்த்தது முதல் நாள் ஒரு தடவைதான், அப்போது அதில் பாதிதான் பரப்பியிருந்தார்கள்.

மூன்றாவது பீரியடில் ஒரு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த மாதிரி. நான் சமையல்கட்டில் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. கையில் இருந்த முட்டை நழுவித் தண்ணீரில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் டீச்சரே வந்தார்.

"ஆயா, ஸ்மார்ட் கிளாஸ்ல மூலையில மண்ணு பரப்பி வெச்சிருந்தாங்க. காலையில நீங்க எடுத்தீங்களா?"

அதட்டிக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

"நீங்க போறப்ப மண்ணு இருந்துச்சா?"

"இல்லீங்க."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் எப்போதும் இருக்கிற வார்த்தை அது, கேட்டதும் வந்துவிட்டது. ஆனால் வந்த பிறகு அதைத் திருப்பி எடுக்கவும் இல்லை. டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் எடுக்கவில்லை என்றால் வேறு யார்? வெள்ளிக்கிழமை கடைசியாக அறையை விட்டு வந்தது கோழிக் குழு. லாரியை மட்டும் பத்திரமாக ஜன்னலில் வைத்துவிட்டு மண்ணைக் கொட்டியிருக்கிறார்கள் என்றால், வேண்டுமென்றே செய்ததுதான் என்று ரிக்காரர் மகள் சொல்லிவிட்டாள். சமையல்கட்டு வரை கேட்டது.

"நீதான்டி கொட்டுன. டேப்பு எங்களுக்கே வேணும்னு அன்னிக்கே சொன்னியில்ல?"

"நான் எதுக்குடி உன் மண்ணைத் தொடறேன்? சத்தியமா நான் இல்ல."

"அப்ப மண்ணு நடந்து போச்சா?"

மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் கண்ணாடிப் பெண் என் முன்னால் வந்து நின்றாள். கண்ணாடிக்குள் கண் வீங்கியிருந்தது. முட்டையை எடுத்து வைத்தேன். அவள் அதை எடுத்து என் கூடையிலேயே திரும்பப் போட்டாள்.

"எனக்கு வேண்டாமுங்க ஆயா. முட்டையப் பார்த்தாலே கோழிக்காரிங்கறாங்க."

அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ரிக்காரர் மகள் சிரிக்கவில்லை. அவள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. இரண்டு பேரையும் பட்டினி போட்டது நான்.

அன்று சாயந்திரம் வரை மூன்று தடவை டீச்சர் இருந்த பக்கம் போனேன். ஒரு தடவை பெரிய சார் அங்கே இருந்தார். ஒரு தடவை யாரோ பெற்றவர்கள் இருந்தார்கள். மூன்றாவது தடவை டீச்சர் தனியாகத்தான் இருந்தார். "என்ன ஆயா?" என்று கேட்டார். "குப்பைக்கூடை நெறஞ்சிருக்குதுங்க" என்று சொல்லி, நிறையாத குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பீரியடிலேயே அந்தக் குழு புதிதாக ஆரம்பிக்கப் போவதாகச் சமையல் அக்கா சொன்னார். ஆற்று மணலை வைத்து முதலிலிருந்து. ஒரு வாரமாக எடுத்ததை ஒரு நாளில் எப்படி எடுப்பார்கள்? அப்பா கிளம்புவதற்குள் முடியாது. அது அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்தது. மண் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடியே அந்த அறை வாசலுக்குப் போனேன். அதைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். தோன்றவில்லை. உள்ளே முப்பது பிள்ளைகள். டீச்சர் என்னைப் பார்த்தார்.

"நான்தானுங்க கூட்டிப்போட்டேன்" என்றேன். சேலைத் தலைப்பு வாயை மூடியிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. தலைப்பை எடுத்துவிட்டு மறுபடி சொன்னேன். "மண்ணை நான்தானுங்க கூட்டிப்போட்டேன். கொத்தனார் உட்டுட்டுப் போனதுன்னு நெனச்சுட்டேன். பலகையில எழுதியிருந்தத நான் படிக்கலீங்க. நேத்து பொய் சொல்லிப்போட்டேன். அந்தப் புள்ள மேல தப்பில்லீங்க."

என் வாழ்நாளில் நாலு பேர் முன்னால் நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

கண்ணாடிப் பெண்தான் முதலில் எழுந்தாள்.

"நேத்தே சொல்லியிருக்கலாமில்லீங்க ஆயா?"

"ஆமா சாமி" என்றேன்.

ரிக்காரர் மகள் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. "எங்க கொட்டுனீங்க?" என்றாள்.

சமையல்கட்டுக்குப் பின்னால் கருவேப்பிலைச் செடி இருக்கிறது. அதன் பக்கத்தில் கொட்டியிருந்தேன். இரண்டு நாளாக மழை இல்லாதது நல்லதாகப் போயிற்று. ஆனால் எல்லா நிறமும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. ரவை சலிக்கிற சல்லடையை எடுத்து வந்து சலித்தோம். பொரி மாதிரி இருந்த செங்கல் நிறக் கல் மேலே தங்கியது, அது தனியாகக் கிடைத்தது. வெள்ளையும் சாம்பலும் பிரியவே இல்லை. இரண்டும் சேர்ந்து திருநீறும் இல்லாமல் சிமெண்டும் இல்லாமல் ஒரு நிறம்.

"இது போச்சுங்க டீச்சர்" என்றாள் அவள்.

"கீழ இருக்கற பட்டைக்கு இதையே போடு. மேல பட்டை சரியா இருந்தாப் போதும். ஸ்டூலையும் டேப்பையும் பழைய எடத்துல வெக்கலாம் வா" என்றார் டீச்சர்.

பழைய இடம் எது? கோட்டைத்தான் நான் துடைத்துவிட்டேனே. அதைச் சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் டீச்சர் டேப்பை ஸ்டூல் மேல் வைத்து எதையோ தொட்டார். "ஆயா, நீங்களும் வந்து பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். டேப்பின் கண்ணாடியில் வெறும் சாக்கு தெரிந்தது, இப்போது தரையில் இருக்கிற சாக்கு. அதன் மேலேயே, மங்கலாக, புகை மாதிரி, வெள்ளிக்கிழமையின் மண்ணும் தெரிந்தது. மூன்று பட்டையும், பாதி இறங்கிய பைப்பும், லாரியும். கடைசியாக எடுத்த படத்தை இப்படி நிழலாகக் காட்டுமாம், அடுத்ததைச் சரியாக வைப்பதற்கு. ஸ்டூலை இப்படியும் அப்படியும் நகர்த்தி, நிழலில் இருந்த சாக்கின் கிழிசலும் தரையில் இருந்த சாக்கின் கிழிசலும் ஒன்றாகச் சேரும் இடத்தில் நிறுத்தினார்கள்.

பிறகு நிழல் மேலே மண்ணைப் போட வேண்டும். பிள்ளைகள் அள்ளிப் போட்டால் கும்பலாக விழுந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"ஆயா, நீங்க கோலம் போடறாப்பல உடுங்க. நான் டேப்புல பார்த்துச் சொல்றேன்."

விட்டேன். அவள் மேலே இருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"எடது பக்கம். போதும். இன்னும் கொஞ்சம். அய்யோ, அது சாஸ்தி. கைய எடுங்க. கைய எடுங்க ஆயா! படம் எடுக்கறமில்ல!"

சமையல் அக்கா வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். "முட்டை யாரு உரிக்கிறது? சினிமாவுக்குப் போயிட்டீங்களா?" என்று கேட்டார். கண்ணாடிப் பெண் எழுந்து, "நான் உரிக்கறனுங்க, எனக்குத்தான் கோழிக்காரின்னு பேரு வெச்சிருக்காங்களே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னைப் பார்க்காமல்தான் போனாள்.

புதன்கிழமை காலையில் படம் முடிந்தது. தண்ணீர் வருகிற சத்தத்துக்கு, நான் அண்டாவில் குடத்துத் தண்ணீரை ஊற்றியதை டேப்பில் பிடித்தார்கள். நாலு குடம் ஊற்றினேன். முதல் மூன்றிலும் யாராவது சிரித்துவிட்டார்கள்.

மத்தியானம் பெற்றவர்கள் வந்தார்கள். ஜன்னல்களைச் சாத்தினார்கள். நான் வாசலுக்கு வெளியே நின்றேன். அந்தப் பெண்ணின் அப்பா கடைசி வரிசையில் நின்றிருந்தார். கறுத்து, மெலிந்து, கை மட்டும் பெரிதாக. அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வாரனுங்க, பத்து நிமிசம். வாரனுங்க, மக பள்ளிக்கூடத்துல இருக்கறேன்" என்று இரண்டு தடவை சொன்னார்.

முதலில் கோழிப் படம் ஓடியது. குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தபோது எல்லாரும் கை தட்டினார்கள். கோழிப்பண்ணை வைத்திருக்கிற ஒருவர், "இருபத்தோரு நாளை அர நிமிசத்துல முடிச்சுப்போட்டியே அம்மிணி" என்றார்.

அப்புறம் மண். லாரி வந்து நின்றது. பைப் இறங்கியது. செங்கல் நிறம் வந்தது, சாம்பல் வந்தது. அப்போது டி.வி. முழுவதும் ஒரு கை தோன்றியது. பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட, சுருக்கம் விழுந்த கை. கண் சிமிட்டும் நேரம். போய்விட்டது.

"ஆயா கை!" என்று ஏழாம் வகுப்பு முழுக்கக் கத்தியது.

கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். இருபது வருசம் போட்டோவுக்குத் தப்பித்தவள், இங்கே அத்தனை பெரிதாக மாட்டிக்கொண்டேன். அதற்குள் பைப் கீழே இறங்கி, என் குடத்துத் தண்ணீர் சத்தத்தோடு நீலக் காகிதம் பொங்கி, படம் முடிந்துவிட்டது. மொத்தமே ஒரு நிமிசம் இல்லை.

அவர் கை தட்டவில்லை. "இன்னொருக்கா போடு சாமி" என்றார்.

மறுபடி போட்டார்கள். போன் அடித்தது. எடுக்கவில்லை. முடிந்ததும் மகளிடம் வந்தார்.

"பைப்பு ஒரே பைப்பா எறங்குது. இருபது அடிக்கு ஒருக்கா அடுத்த பைப்பை மாட்டோணுமில்ல?"

"அதுக்கு நேரமில்லீங்கப்பா."

"அந்தக் கை யாருது? பைப்பு எறங்கறப்ப கிட்ட கைய வெச்சா எங்க டிரில்லர் செருப்பக் கழட்டீருவாரு."

"எங்க ஆயாதுங்க. அந்தப் படத்த எடுத்துட்டா அந்த எடத்துல பைப்பு குதிக்குமுங்க. அதான் உட்டுட்டேன்."

"மண்ணு நான் குடுத்ததுதானே? மேல பட்டை கோடு போட்டாப்பல இருக்குது, நெசத்துல அப்படி வராது. கீழ கலங்கலா இருக்குது பாரு, அதுதான் சரி. வெளிய வர்றப்ப அப்படித்தான் வரும்."

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டீச்சர் அந்தப் படத்தை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தார். டவர் இல்லாத இடத்திலும் இனி பார்க்கலாம் என்று சொன்னார். அவர் அதை ஒரு தடவை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, மகளின் தலையில் கை வைத்துவிட்டு, "வாரேன் சாமி" என்று சொல்லி பைக்கை உதைத்துக் கிளம்பினார். அவள் கேட் வரை போய் நின்றுவிட்டு, திரும்பி வந்து ஸ்டூலை ஸ்டோர் ரூமில் வைத்தாள்.

அதற்கு அடுத்த திங்கள்கிழமை நான் அந்த அறைக்குப் போனேன். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, முதலில் பலகையைப் படித்தேன். ஒரு மூலையில் கோழிப் படத்துக்கு வெட்டிய காகிதத் துண்டுகள் குவிந்து கிடந்தன. பலகையில் கண்ணாடிப் பெண்ணின் கோணல் எழுத்து. கூட்டிப் படிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஆயா, இது குப்பைதான். தைரியமாகக் கூட்டலாம்."

படித்து முடித்துவிட்டுத் துடைத்தேன். அப்புறம் கூட்டினேன். அன்று மத்தியானம் வரிசையில் வந்தபோது அவள் தட்டை நீட்டி, முட்டை வேண்டும் என்றாள்.